எந்திரம் பார்த்த பொருத்தம்

ஹெக்ஸாமெதில்சைக்ளோட்ரைசிலாக்ஸேன். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம்மூர் மூலிகைகளின் எண்ணெயையும் சாற்றையும் ‘ஜிசி-எம்எஸ்’ கருவியில் பகுப்பாய்வு செய்ததாகச் சொல்லும் ஆய்வுக்கட்டுரைகளைக் கொஞ்சம் புரட்டினால் போதும், இந்தப் பெயரோ இதன் அண்ணன் தம்பி பெயரோ அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கட்டத்தில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று போட்டிருக்கும். விஷயம் என்னவென்றால், இந்தப் பொருளை எந்தச் செடியும் செய்வதில்லை. அந்தக் கருவிக்குள் சுருட்டி வைத்திருக்கும் நீளமான குழாயின் உட்சுவரில் ஒரு சிலிக்கோன் பூச்சு இருக்கிறது. சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்ந்தது கணக்கில் வரும். குழம்பை ருசி பார்த்துவிட்டு, குழம்பில் கரண்டி இருக்கிறது, கரண்டிக்கு மருத்துவ குணம் இருக்கிறது என்று எழுதுவது மாதிரி.

இது தனிப்பட்ட சிலரின் அசட்டைதானே, இதற்கு எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்கலாம். அசட்டை என்றால் எப்போதாவது நடக்க வேண்டும். இது ஒரு வகைமை. வெண்பாவுக்கு இலக்கணம் இருப்பதுபோல இதற்கும் இருக்கிறது. முதல் பத்தியில் நம் முன்னோர் இந்தச் செடியைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் பத்தியில் செடியைக் காயவைத்தோம், எண்ணெய் வடித்தோம். பிறகு ஒரு படம், அதில் ஊசி ஊசியாகச் சிகரங்கள். பிறகு நாற்பது ஐம்பது பெயர்கள் கொண்ட அட்டவணை. பிறகு நாலைந்து பாக்டீரியாக்களின் மேல் வட்டத் தாளை வைத்து எடுத்த படம். முடிவுரையில், ‘இது எதிர்காலத்தில் மருந்தாக வாய்ப்புள்ளது’. அந்த எதிர்காலம் ஒருநாளும் வருவதில்லை. செடியின் பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை தயார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். வேதியியலில் எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் இந்த வகைமையின் நடுநாடியாக இருப்பது ஒரு மென்பொருள் தேடல். அது எப்படி ஏமாற்றும் என்பது என் தொழிலில் தினசரி விவகாரம். அதனால்தான் இதைப் பேசும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

கருவி செய்வது இதுதான். ஒரு சொட்டிலும் சொட்டான எண்ணெயை 250 டிகிரி அளவுக்குச் சூடான வாயில் செலுத்துவார்கள். அது ஆவியாகி, முடியளவு துளை கொண்ட, பெரும்பாலும் 30 மீட்டர் நீளமான குழாய் வழியே பயணப்படும. கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் கொதிநிலைக்கும் சுபாவத்துக்கும் ஏற்ற வேகத்தில் ஓடி, தனக்கான நேரத்தில் மறுமுனைக்கு வரும். பாடப்புத்தகம் இதை வளிம நிறப்பிரிகை என்று சொல்லும். வெளியே வரும் மூலக்கூறின் மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சினால் அது சுக்குநூறாகும். எந்தெந்த எடையில் எத்தனை துண்டுகள் என்பது அந்தப் பொருளின் கைரேகை மாதிரி. இந்த ரேகையைக் கணினி, நிஸ்ட் போன்ற ஒரு நூலகத்தில் தேடும். அந்த நூலகத்தில் இன்று மூன்று லட்சத்துக்கும் அதிகமான சேர்மங்களின் ரேகைகள் இருக்கின்றன. எது மிக நெருக்கமோ அதன் பெயரையும் ஒரு மதிப்பெண்ணையும் திரையில் காட்டும்.

கவனிக்க வேண்டியது கடைசி வரி. ‘மிக நெருக்கமானது’ என்றுதான் காட்டும், ‘இதுதான்’ என்று சொல்லாது. நீங்கள் எதைக் கொடுத்தாலும் மூன்று லட்சத்தில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிட நெருக்கமாக இருந்தே தீரும். ‘தெரியாது’ என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. கையில் இருக்கும் ஜாதகங்களில் எதற்குப் பொருத்தம் அதிகமோ அதை எடுத்துக் கொடுப்பது தரகரின் வேலை. மாப்பிள்ளை அந்தக் கட்டிலேயே இல்லாமல் இருக்கலாம்.

இஞ்சிக் குடும்பத்தில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். இஞ்சி, மஞ்சள், கஸ்தூரி மஞ்சள் இவற்றின் எண்ணெயில் நிறைந்திருப்பவை செஸ்குவிடெர்பீன்கள். பதினைந்து கார்பன், இருபத்து நான்கு ஹைட்ரஜன், மூலக்கூறு எடை 204. இதே சூத்திரத்தில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். உடைத்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உடையும். துண்டுகளை மட்டும் வைத்து இது சின்ஜிபெரீன், அது பிஸபோலீன் என்று சத்தியம் செய்ய முடியாது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. 1958லேயே கொவாட்ஸ் என்ற வேதியியலாளர் சொல்லிவிட்டார். வரிசையாக நீளும் அல்கேன்களின் கலவையை அதே குழாயில் ஓட்டு. அவை மைல்கல் மாதிரி. உன் பொருள் எந்த இரண்டு கல்லுக்கு நடுவே வருகிறது என்று கணக்கிடு. வழக்கமாகப் பயன்படும் வகைக் குழாயில் ஆர்-குர்குமீன் 1479ஐ ஒட்டி வரும், சின்ஜிபெரீன் 1493ஐ ஒட்டி வரும். கைரேகையும் பொருந்த வேண்டும், மைல்கல்லும் பொருந்த வேண்டும். இந்தத் துறையின் கண்டிப்பான இதழ்கள் இரண்டும் இல்லாமல் கட்டுரையைத் தொடுவதில்லை. நம்ம ஊர் வகைமையில் அந்த இரண்டாவது பத்தியே இருக்காது. பொருத்தம் 87 என்று எந்திரம் சொல்லிவிட்டது, தாலி கட்டியாச்சு.

எந்திரமே பொருளை மாற்றிவிடும் என்பது இன்னொரு கூத்து. மஞ்சளின் உறவுக் கிழங்குகள் பலவற்றில் ஃபியூரனோடையீன், ஜெர்மக்ரோன் என்று இரண்டு பொருட்கள் உண்டு. சூடு பட்டால் முதலாவது குர்சரீனாகவும், இரண்டாவது எலிமனோனாகவும் உருமாறும். வேதியியலில் இதற்குக் கோப் மறுசீரமைப்பு என்று பெயர். 250 டிகிரி வாயில் நுழைத்தால் என்ன ஆகும்? கிழங்கு செய்யாததை, அல்லது கொஞ்சமாகச் செய்ததை, கருவியின் வாய் செய்து கொடுக்கும். அட்டவணையில் கிழங்கின் கணக்கில் வரவு வைக்கப்படும். வாயின் சூட்டைக் குறைத்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். யார் ஓட்டுகிறார்கள்?

சரி, இதெல்லாம் நுணுக்கம், விடுங்கள். அடிப்படையான ஒன்றைப் பார்ப்போம். மஞ்சள் எண்ணெயின் மருத்துவ குணத்துக்குக் குர்குமின் காரணம் என்று எத்தனை இடங்களில் படித்திருக்கிறீர்கள்? ஆவியில் வடித்த மஞ்சள் எண்ணெயில் குர்குமின் வராது. அது ஆவியோடு எழும்பாத பொருள். இதற்குக் கருவிகூட வேண்டாம். ஈரோடு பக்கம் அறுவடை முடிந்து மஞ்சள் வேகவைக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். வாசம் ஊரைத் தூக்கும், ஆவி வெள்ளையாகத்தான் போகும். எழும்பிப் போவது டர்மரோன் வகையறா. நிறம் கிழங்கிலேயே தங்கிவிடும். இஞ்சியும் அப்படித்தான். சுக்குக் காப்பி கொதிக்கும்போது மூக்குக்கு வருவது எண்ணெய், தொண்டையை எரிப்பது டம்ளரிலேயே இருக்கும். எண்ணெயை ஆய்ந்துவிட்டுக் குர்குமினின் புகழைப் பாடும் கட்டுரை, ஒரு வீட்டைச் சோதனை போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு நகைக்கு ரசீது எழுதுகிறது.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தக் குர்குமினுக்கே நிலைமை அவ்வளவு சுகமில்லை. 2017ல் நெல்சனும் சக ஆய்வாளர்களும் மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் அதன் மொத்த ஜாதகத்தையும் அலசினார்கள். குர்குமின் பலவகைச் சோதனைகளில் பொய்யான நேர்மறை முடிவைக் கொடுக்கும் சேர்மம். உடலில் நிலைக்காது, சரியாக உறிஞ்சப்படாது. முறையான இரட்டை மறைப்பு மருத்துவச் சோதனை எதிலும் அதுவரை அது தேறவில்லை என்று பட்டவர்த்தனமாக எழுதினார்கள். அந்தக் கட்டுரையை யாரும் குடும்ப வாட்ஸப் குழுவில் ஃபார்வர்டு செய்து நான் பார்த்ததில்லை.

இப்போது கஸ்தூரி மஞ்சளுக்கு வருவோம். எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது இதுதான். பெண்கள் முகத்தில் பூசுவது, குழந்தைகளின் குளியல் பொடியில் சேர்ப்பது, நாட்டு மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் கூவி விற்பது. தாவரவியல் பெயர் குர்குமா அரோமாட்டிகா. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது அதுதானா? கேரளத்தில் இதை விவசாயிகளே வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். அசல் கஸ்தூரி மஞ்சளின் உட்புறம் வெளிறிய நிறம், கற்பூர வாசம், தோலில் மஞ்சள் கறை விடாது. சந்தையில் அதே பெயரில் பெரும்பாலும் விற்பது மஞ்ஞக்கூவ என்ற வேறொரு கிழங்கு, குர்குமா செடோவாரியா. மலிவு, நிறமும் தூக்கல். நம் பக்கம் பூலாங்கிழங்கு என்றும் கிச்சிலிக்கிழங்கு என்றும் ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள் வேறு கிழங்கைக் காட்டுவார்கள். சீனாவில் ஒரு காலத்தில் அரோமாட்டிகாவின் ரகமாகக் கருதப்பட்ட கிழங்கு இன்று வென்யூஜின் என்று தனி இனமாகப் பேசப்படுகிறது. ஜப்பானில் வசந்த கால மஞ்சள் என்று விற்பதற்கும் இதே அரோமாட்டிகா பெயர்தான்.

இந்தப் பின்னணியோடு ‘குர்குமா அரோமாட்டிகா எண்ணெயின் வேதிக் கூறுகள்’ என்ற தலைப்பிலான கட்டுரைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒன்றில் குர்டையோன் முதலிடம். இன்னொன்றில் ஜெர்மக்ரோன். மற்றொன்றில் கற்பூரம். வேறொன்றில் சாந்தோரைசால். மண்ணும் பருவமும் மாறினால் எண்ணெய் மாறும் என்பது உண்மைதான். ஆனால் இந்த அளவுக்கு ஆள் மாறினால், வந்திருப்பது ஒரே ஆள்தானா என்று முதலில் கேட்க வேண்டாமா? வகைமையின் பதில் ஒன்றுதான், ‘புவியியல் வேறுபாடு காரணமாக இருக்கலாம்’. அவ்வளவுதான், அடுத்த பத்தி.

மஞ்சள் இனங்களைப் பூ இல்லாமல் அடையாளம் காண்பது பெரும்பாடு. கடையில் வாங்கிய காய்ந்த கிழங்கை வைத்து எந்தத் தாவரவியலாளரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். நட்டு, வளர்த்து, பூக்கவிட்டு, அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலோ திருச்சி ராபினாட் உலர்தாவரகத்திலோ ஒரு மாதிரியைச் சேர்த்து எண் வாங்க வேண்டும். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் சாபு, தென்னிந்திய இஞ்சிக் குடும்பம் பற்றி 2006ல் வெளியிட்ட நூல் இப்படிக் காட்டிலும் மேட்டிலும் அலைந்து சேர்த்த அறிவு. எது எது என்று சொல்லும் அந்த அலுப்பான வேலையின் மேல்தான் வேதியியல் நிற்க முடியும். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு வண்ணம் அடிக்கிறோம்.

ஏன் இப்படி? எனக்குத் தெரிந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர் இருக்கிறார். பெயரும் கல்லூரியும் வேண்டாம். இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு ஒன்றின் எண்ணெய்தான் அவருக்கும். மாதிரியைக் கூரியரில் ஒரு சேவை மையத்துக்கு அனுப்பினார், கைக்காசைக் கட்டினார், சில வாரத்தில் மெயிலில் ஒரு பிடிஎஃப் வந்தது. கருவியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. “இதை எக்ஸெல்லா மாத்தித் தர முடியுமாண்ணா?” என்று கேட்டு எனக்கு அனுப்பினார். மாற்றும்போதுதான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அல்கேன் ஓட்டின கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன், மைல்கல் கணக்குக்கு ஒரு சின்ன நிரல் எழுதித் தரலாம் என்று. “அப்படின்னா என்னண்ணா?” என்றார். மையத்தில் கேட்டதற்கு, அது பேக்கேஜில் இல்லை என்று பதில். அட்டவணையில் இருந்த சிலாக்ஸேன்களையும், பிளாஸ்டிக்கில் இருந்து வந்திருக்கக்கூடிய தாலேட்டையும் குறித்துக் கொடுத்தேன். வழிகாட்டியிடம் போனார். அவர் சொன்னது: “ரிவ்யூவர் கேட்டா பாத்துக்கலாம்மா. லிஸ்ட் சின்னதாயிட்டா நல்லாருக்காது.”

ரிவ்யூவர் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கருவியைத் தொடாமல், ரேகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல், வாலிப வயதில் நாலைந்து வருடத்தை ஒரு பிடிஎஃப்புக்காகக் கொடுக்கும்படி அவரை வைத்திருக்கும் ஏற்பாட்டின் மேல்தான். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. பழக்கம் நீங்கவில்லை. எண்ணிக்கையை வைத்தே ஆளை அளக்கும் இடங்களில் மலிவாக எண்ணிக்கை தருவது எதுவோ அதுதான் விளையும்.

“வசதியில்லாத கல்லூரிகள் சார், அவங்ககிட்ட போய் ஐரோப்பாத் தரம் கேக்கலாமா?” என்பார்கள். இந்தக் கேள்வியில் உள்ள கரிசனம்தான் என்னை அதிகம் சீண்டுகிறது. அல்கேன் கலவையை ஒருமுறை ஓட்டுவது தங்கம் வாங்குகிற செலவு இல்லை. கிழங்கை நட்டுப் பூக்கவிட ஒரு தொட்டி போதும். சிலாக்ஸேன் வரியை அட்டவணையில் இருந்து அழிக்கக் காசே வேண்டாம். குறைவது பணம் இல்லை. ஏழைக் கல்லூரி மாணவருக்குப் பொய்யான அட்டவணை போதும் என்று முடிவு செய்வது கரிசனம் ஆகாது, அது அவரை மட்டமாக நினைப்பது. ஒழுங்காகச் செய்பவர்கள் இதே நாட்டில்தான் இருக்கிறார்கள். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் எந்த ரகத்தில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு குர்குமின் என்று பார்த்துத்தான் விவசாயிக்கு ரகங்களைக் கொடுக்கிறது. அங்கே பகுப்பாய்வுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

‘செயல்பாடு’ என்ற அந்தக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் டியூக் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், எந்தச் சேர்மத்துக்கு என்ன குணம் இதுவரை சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒரு தரவுத்தளம் தொகுத்தார். உழைப்பான தொகுப்பு. அதில் இருந்து வெட்டி இங்கே ஒட்டுகிறார்கள். ஒரு பெயருக்கு நேராக ‘புற்றுநோய் எதிர்ப்பு’ என்று அங்கே இருந்தால், அந்தச் சேர்மம் எண்ணெயில் அரை விழுக்காடு இருந்தாலும், அது அந்தச் சேர்மமே இல்லை என்றாலும், கஸ்தூரி மஞ்சள் புற்றுநோயை எதிர்க்கிறது என்று ஆகிவிடுகிறது. அங்கிருந்து யூடியூப், அங்கிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அலையும் ஏதோ ஒரு குடும்பம். பாக்டீரியா வட்டமும் அப்படித்தான். வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, தட்டில் சரியாகப் பரவாது. அந்த வட்டத்தின் விட்டத்தை வைத்து இரண்டு எண்ணெய்களை ஒப்பிடுவதே தகராறு. போதுமான அளவில் ஊற்றினால் வினிகரும்தான் பாக்டீரியாவைக் கொல்லும்.

நம் இலக்கிய நண்பர்களும் இதில் பங்காளிகள். வேர்களைத் தேடிப் போகும் கட்டுரைகளில் பாட்டியின் கைமணம் வரும், திண்ணை வரும், நடுவே ‘இதை இன்று அறிவியலும் நிரூபித்துவிட்டது’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குக் கீழே தோண்டிப் பார்த்தால் கிடைப்பது மேலே சொன்ன அட்டவணை. பாட்டியின் அறிவை மதிக்கிறவர் அதற்குக் குழாய்ப் பூச்சைச் சாட்சிக்கு அழைக்க மாட்டார்.

முன்னோர் அறிவைக் காப்பாற்றிய ஒரு நிஜமான வழக்கு இருக்கிறது. 1995ல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளால் புண் ஆற்றுவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் சிஎஸ்ஐஆர் எதிர்த்து வழக்காடியது. 1997ல் காப்புரிமை ரத்தானது. எதை வைத்து ஜெயித்தார்கள்? சிகரப் படத்தை வைத்து அல்ல. 32 சான்றுகளைக் கொடுத்தார்கள். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் அதில் இருந்தன, 1953ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. யாரோ நூலகத்தில் தூசி தட்டி, பக்க எண்ணைக் குறித்து, மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். எழுத்து ஜெயித்தது. இலக்கியம் படிக்கிறவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய கதை இது. ஆனால் இதையும் ‘அமெரிக்கக்காரனே மஞ்சளை மருந்துன்னு ஒத்துக்கிட்டான்’ என்றுதான் சொல்லித் திரிகிறோம். அவன் ஒத்துக்கொண்டது மஞ்சள் மருந்து என்பதை அல்ல, அந்த யோசனை புதிது அல்ல என்பதை.

வேதிப் பகுப்பாய்வே வீண் என்று யாரும் என் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். வங்கதேசத்தின் கிராமப்புறங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. எங்கிருந்து வருகிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும் டாக்காவின் ஆய்வு மையத்தினரும் தேடிக்கொண்டு போனார்கள். ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை வீட்டில் கிடைத்த பொருட்களோடு ஒப்பிட்டபோது மஞ்சள்தூள் மாட்டியது. 1980களின் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளைப் பளிச்சென்று காட்ட லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தேய்க்க ஆரம்பித்து, அப்படியே பழகிப்போயிருந்தது. 2019ல் முடிவுகள் வெளிவந்தன. அரசு சந்தையில் இறங்கியது, அபராதம் போட்டது, ஊருக்கெல்லாம் அறிவித்தது. 2019ல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. 2021ல் பூஜ்யம்.

அந்த ஆய்விலும் கருவிகள்தான், சிகரங்கள்தான், அட்டவணைகள்தான். ஆனால் அட்டவணைக்கு முன்னால் ஒரு கர்ப்பிணியின் ரத்தம் இருந்தது.

இங்கே அப்படி ஒரு வேலை காத்துக்கிடக்கிறது, ஆள்தான் இல்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் விற்பதை ஊர் ஊராக வாங்க வேண்டும். முளைக்கக்கூடிய பச்சைக் கிழங்கு கிடைக்கும் இடத்தில் நட்டுப் பூக்கவிட்டு, எந்த இனம் என்று உறுதி செய்து, எண் வாங்கி, அதன் எண்ணெயை மைல்கல் கணக்கோடு ஓட்டி, வாயின் சூட்டைக் குறைத்தும் ஓட்டி, அந்த ரேகையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பொட்டலத்தில் வரும் தூள்களை அதனோடு ஒப்பிட வேண்டும். எத்தனை பொட்டலத்தில் பெயரும் பொருளும் ஒன்று, எத்தனையில் சாதா மஞ்சளும் மாவும், எத்தனையில் சாயம் என்று சொல்ல வேண்டும். நாற்பது சேர்மங்களின் பட்டியல் இதற்குத் தேவைப்படாது, நாலைந்து போதும். மூன்று வருடம் ஆகும். கட்டுரை ஒன்றுதான் வரும். ‘எதிர்காலத்தில் மருந்தாக வாய்ப்புள்ளது’ என்று முடிக்க முடியாது, எந்தக் கடையில் வாங்கலாம் என்று முடிக்கலாம்.